கர்னலுக்குப் பத்து நாள் காவல்

“சட்டத்தின் முன் அனைவரும் சமம். அந்த ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் என் நாயும் அடக்கம்.”

கல்வெட்டில் பொறிக்கத் தகுந்த இந்த வாசகத்தை, நகர விலங்கு நலக் குழுவின் தலைவர், நகராட்சி நாய்க் கொட்டடியின் வாசலில் நின்று, கண் கலங்க, இரண்டு முறை சொன்னார். முதல் முறை சொன்னபோது புகைப்படக்காரர் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருந்தார். இரண்டாம் முறை மூடி கழன்றிருந்தது, நாய் திரும்பிக்கொண்டது. மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் தலைவரின் முகமும் நாயின் பின்புறமும் ஒரே அளவு தெளிவாக இருந்தன.

அந்தப் படத்தைத்தான் இப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் நிபுணர்.

நிபுணர் என்பது அவருக்குத் தெரு வைத்த பெயர். ‘துப்பறியும் நிபுணர்’ என்று பலகை எழுத வந்த பெயிண்டர், முதல் சொல்லை மரக்கிளை மறைக்கும் பக்கமாக எழுதிவிட்டுப் போய்விட்டார். எதில் நிபுணர் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. அவருடைய உதவியாளன் அவர் மனைவியின் தம்பி. வேறு எந்த வேலையிலும் ஒரு மாதம் தாண்டாத மச்சினன் இந்த வேலையில் மட்டும் நிலைத்திருந்தான். இங்கிருந்து அவனை நீக்கினால் நிபுணருக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

“மாமா, ரொம்ப நேரமா அதோட பின்னாடியே போயிட்டிருக்கீங்க,” என்றான் மச்சினன்.

“பின்னாடி பாக்கத் தெரிஞ்சவன்தான்டா துப்பறிவாளன்.”

எதிர் நாற்காலியில், வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுப்பவர். கெண்டைக்காலில் கட்டு இருந்தது. அந்தக் கட்டுக்கு அடியில் இருப்பது தலைவரின் நாய் கர்னல் பதித்த பல்தடங்கள். பத்திரிகைப் படத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

“முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா,” என்றார் நிபுணர்.

“தலைவர் வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் போனேன் சார். மீட்டர் கொல்லைப் பக்கம் இருக்கு. எத்தனையோ தடவ போயிருக்கேன். அந்த நாய் என்னைப் பாத்தா வாலாட்டக்கூட மாட்டான், அவ்வளவு சோம்பேறி. அன்னைக்கு ஒரு சத்தம் இல்ல, ஒரு உறுமல் இல்ல. நேரா வந்து கவ்விட்டான். வாயெல்லாம் எச்சில் ஒழுகிட்டு இருந்துச்சு.”

“நகராட்சில சொன்னீங்களா?”

“அன்னைக்கே எழுதிக் குடுத்தேன். நாய் கடிச்சா உடனே தெரிவிக்கணும், கடிச்ச நாயைப் பத்து நாள் தனியா அடைச்சுப் பாக்கணும், அதுதானே சட்டம். ஆனா தலைவர் நாயாச்சே. வீட்லயே வச்சுப் பாத்துக்கிறோம்னாங்க. நான் விடலை, எங்க ஆபீஸ்ல எல்லாரும் சேந்து போய்க் கேட்டோம். நாலாம் நாள்தான் கொட்டடிக்குக் கொண்டுவந்து விட்டாங்க. அப்ப எடுத்த படம்தான் இது.”

“அப்புறம் என்ன பிரச்சினை?”

“ரெண்டு ஊசி போட்டாங்க சார். மூணாவதுக்குப் போனா, நாய் உயிரோட நல்லா இருக்கு, பத்து நாள் தாண்டப் போவுது, இனிமே ஊசி வேண்டாம், மருந்து தட்டுப்பாடு, நிஜமா தேவைப்படறவங்களுக்கு வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது ஆச்சு ரெண்டு நாள். வர்ற வழியில கொட்டடிக்குப் போய் அந்த நாயைப் பாத்தேன்.” அவர் நிறுத்தினார். “என்னைப் பாத்து வாலாட்டுச்சு.”

“மன்னிப்புக் கேட்டிருக்கும்,” என்றான் மச்சினன்.

“மன்னிப்புக் கேக்கற வழக்கம் அந்த வீட்ல யாருக்கும் இல்ல தம்பி.”

மச்சினன் முதல் முறையாக அவரை மரியாதையோடு பார்த்தான்.

“எனக்குக் கேஸ் போட வேண்டாம் சார். நஷ்டஈடு வேண்டாம். கொட்டடியில இருக்கறது என்னைக் கடிச்ச நாய்தானா, அது மட்டும் தெரியணும். அதுன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன். இல்லைன்னா ஊசி போட்டாகணும். எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு நாளா ஒவ்வொரு வாய் தண்ணி குடிக்கும்போதும், விழுங்க முடியுதான்னு பாத்துப் பாத்துக் குடிக்கிறேன்.”

மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். பிறகுதான் மூச்சு விட்டார்.

நிபுணர் படத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

கொட்டடி ஊரின் குப்பை லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. வரிசையாகக் கூண்டுகள். மற்றக் கூண்டுகளில் நாய்கள் வெறும் சிமெண்டுத் தரையில் கிடக்க, கடைசிக் கூண்டில் மட்டும் மின்விசிறி சுழன்றது. மேலே ஒரு துணிப் பதாகை: ‘கர்னல் – சட்டத்தை மதிக்கும் முன்மாதிரி நாய்’. மறுநாள் காலை பத்து நாள் முடிந்து கர்னலை விடுவிக்கும் விழா. மேடைக்கான கழிகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன.

பதாகைக்குக் கீழே, செம்பழுப்பு நிறம், கறுத்த மூக்கு, மடிந்த இடது காது எனப் படுத்திருந்தது முன்மாதிரி. தலைவர் இரண்டு வருஷத்துக்கு முன் ‘தெருநாயைத் தத்தெடுப்போம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, புகைப்படக்காரர் தேர்ந்தெடுத்த ஒரு தெருநாயைத் தத்தெடுத்திருந்தார். செம்பழுப்பும் கறுத்த மூக்கும் அந்த ஊரில் தெருவுக்கு நான்கு கிடைக்கும்.

“நல்லா உருண்டு திரண்டு இருக்கே,” என்றான் மச்சினன்.

“வந்ததுலேர்ந்து தின்னுட்டேதான் இருக்கு,” என்றார் காவலாளி. “பெரிய இடத்து நாய்.”

“நாய் வளக்கறவர் மாதிரியே ஆயிடும்னு சொல்றது சரிதான் மாமா. தொப்பை அப்படியே தலைவரோடது.”

நிபுணர் அதைக் காதில் வாங்கவில்லை. நாய் ஒரு பழைய சாக்கைக் கிழித்து, மூலையில் குவித்து, காலால் கிளறி, மறுபடி குவித்துக்கொண்டிருந்தது. “கவனிச்சியாடா? சிறைவாசத்தோட மன உளைச்சல்,” என்றார்.

அப்போது சுகாதார ஆய்வாளர் மோட்டார் பைக்கில் வந்தார். கர்னலைத் தினமும் பரிசோதிப்பது அவர் பொறுப்பு. பைக்கை நிறுத்தவில்லை, காலையும் ஊன்றவில்லை.

“உயிரோட இருக்கா?”

“இருக்கு சார்.”

“சந்தோஷம்.” பைக் போய்விட்டது.

“பரிசோதனை முடிஞ்சுது,” என்றார் காவலாளி.

நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பிகளுக்கு முன்னால் போய் நின்றார். “கர்னல்,” என்று கூப்பிட்டார். நாய் சாக்கைக் கிளறியது. “கர்னல். டேய் கர்னல்.” காது கூட அசையவில்லை. மச்சினன் பையிலிருந்த பிளாஸ்டிக் பையை லேசாகச் சரசரவென்று கசக்கினான். நாய் ஒரே பாய்ச்சலில் கம்பிக்கு வந்து அவன் கையை நக்கியது.

“பேர் மறந்துபோச்சு போல. பதவி போனா அப்படித்தான்,” என்றான் மச்சினன்.

நிபுணர் கம்பி வழியாக விரலை விட்டுக் கழுத்துப்பட்டையைத் தூக்கினார். புத்தம் புதிய தோல் பட்டை. அடியில் ரோமம் அடர்ந்து, குத்திட்டு நின்றது.

“ரெண்டு வருஷம் பட்டை கட்டின நாய்க்குக் கழுத்தில ஒரு வளையம் தேஞ்சிருக்கணும். மோதிரம் போட்ட விரல் மாதிரி. இதுக்கு இல்ல.” நிபுணர் நிமிர்ந்தார். “நான் இந்த நாயைத் தலையிலேர்ந்து வால் வரைக்கும் பாத்துட்டேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.”

வாசலில் தலைவரின் காரின் ஹாரன் ஒலித்தது. ஊரே அறிந்த ஹாரன். பாட்டு மாதிரி இழுத்து முடியும். கர்னல் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து, கூண்டுக் கதவை ஒரு சாண் திறந்து, தட்டை ஒரு நீளமான குச்சியால் உள்ளே தள்ளினார். முகம் வேர்த்திருந்தது. இடது புஜத்தில் சின்ன வட்டப் பிளாஸ்திரி.

“என்னண்ணே கையில?”

“கார் கதவுல இடிச்சுக்கிட்டேன்,” என்று சொல்லிவிட்டு டிரைவர் கிட்டத்தட்ட ஓடினார்.

“ரெண்டு வருஷமா சோறு போட்ட ஆளு குச்சியால தள்றாரு மாமா.”

“அவ்வளவுதான். முடிச்சு அவிழ்ந்துது,” என்றார் நிபுணர். “இது பதிலி. செல்லப் பிள்ளையைக் கொட்டடியில போட மனசில்லாம, அசலை வீட்லயே ஒளிச்சு வச்சிருக்காரு தலைவர். நாம அந்த வீட்டுக்குப் போறோம்.”

“எப்படிப் போறது? வாசல்ல காவல் போட்டிருப்பாங்க.”

வெளியே வேலியோரம் நின்றிருந்த மீட்டர் அக்கா சொன்னார்: “என்னோட வாங்க. அன்னைக்கு அந்த வீட்டு ரீடிங் பாதியில நின்னுபோச்சு. ‘கதவு பூட்டியிருந்தது’ன்னு போட்டு முடிச்சுடச் சொன்னாங்க. நான் போடலை. கதவு திறந்துதான் இருந்துச்சு.”

*

தலைவர் வீட்டு முன்தோட்டத்தில் செடிகளை விடப் பலகைகள் உயரமாக வளர்ந்திருந்தன. ‘தலைவர் திருக்கரத்தால் நடப்பட்டது’ என்று ஒவ்வொரு கன்றின் தலைமாட்டிலும் ஒரு பலகை, பலகையில் ஒரு படம், படத்தில் மண்வெட்டியைத் தொட்டும் தொடாமலும் தலைவர்.

வீட்டுக்குள் கூடத்தில் மறுநாள் உரையின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சமையல்காரம்மா கதவைத் திறந்தார். அவருடைய இடது புஜத்திலும் ஒரு சின்ன வட்டப் பிளாஸ்திரி.

“என்னம்மா கையில?” என்றான் மச்சினன், ரீடிங் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவன் மீட்டர் உதவியாளனாக வந்திருந்தான். நிபுணர் மேலதிகாரியாக வந்திருந்தார். அந்த வேஷத்துக்கு அவர் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

“கொசு கடிச்சுடுச்சு தம்பி.”

“பெரிய கொசுவா இருக்கும்.”

தலைவரின் மனைவி வந்தார். மீட்டர் அக்காவைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு, “வாம்மா, கால் எப்படி இருக்கு, உக்காரு, தண்ணி குடி,” என்று ஒரே மூச்சில் சொல்லித் தானே தம்ளரை நீட்டினார். இடது கையை முழுதாக நீட்ட முடியாமல் பாதியில் வலது கைக்கு மாற்றினார். புடவைத் தலைப்பு விலகியபோது மூன்றாவது பிளாஸ்திரி.

“சளி பிடிச்சிருந்துச்சு. ஊசி போட்டாங்க,” என்றார், யாரும் கேட்காமலே.

மீட்டர் அக்கா தண்ணீரைக் குடித்தார். விழுங்கியதும் நின்று யோசித்தார். அந்த யோசனையைத் தலைவரின் மனைவி பார்த்தார். பார்த்தவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுவர் முழுக்கத் தலைவர். எல்லாப் படத்திலும் வலது கையில் மைக், இடது கை வானத்தை நோக்கி. ஒரு படத்தில் மட்டும் அந்த இடது கையில் ஓர் ஊசிக்குழல், அதன் முனைக்கு அருகே கர்னலின் முதுகு. கீழே, ‘கர்னலுக்கு வெறிநோய்த் தடுப்பூசி – தலைவர் வழிகாட்டுகிறார்’. நிபுணர் பூதக்கண்ணாடியை எடுத்தார். குழலுக்குள் மருந்து இல்லை. ஊசி முனையின் மூடி கழற்றப்படவில்லை.

“...எனவே தாய்மார்களே, பெரியோர்களே,” என்று கூடத்தின் நடுவே முழங்கினார் தலைவர், முழுக்கைச் சட்டையில். மைக்குக்குப் பதில் ஒரு சீப்பை இடது கையில் இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். வானத்தைக் காட்டியது வலது கை. நிபுணரைப் பார்த்ததும் கை இறங்கியது. “யாரப்பா?”

“மீட்டர் பாக்க வந்திருக்கோம் ஐயா.”

“பாருங்கள், பாருங்கள். என் வீட்டு மீட்டரும் சட்டத்துக்கு உட்பட்டதே.”

மீட்டர் அக்காவும் மச்சினனும் கொல்லைக்குப் போனார்கள். நிபுணர் கூடத்திலேயே நின்றார். இந்த நேரத்துக்காகவே அவர் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

“ஐயா, நான் மின்சார வாரியத்து ஆள் இல்ல. துப்பறியும் நிபுணர். கொட்டடியில இருக்கறது கர்னல் இல்ல.”

சீப்பு தரையில் விழுந்தது.

“கழுத்தில பட்டைத் தடம் இல்ல. பேர் சொன்னாத் திரும்பல. உங்க ஹாரனுக்கு அசையல. அசல் கர்னலை இந்த வீட்ல எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கீங்க. எடுத்துக் குடுத்துடுங்க.”

இப்போது நடந்ததை நிபுணர் எதிர்பார்க்கவில்லை. தலைவரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. தோள்கள் இறங்கின. வாய் விட்டுச் சிரித்தார்.

“ஒளித்து வைத்திருக்கிறேனா? தேடிப் பாருங்கள் ஐயா. கட்டிலுக்கு அடியில் பாருங்கள். மாடியில் பாருங்கள். இந்த வீட்டில் ஒரு நாய் கிடைத்தால் நாளைய விழாவையே ரத்து செய்கிறேன்.”

குற்றம் சாட்டப்பட்டவன் கோபப்படுவான், அல்லது அழுவான். நிம்மதி அடைந்தவரை நிபுணர் தன் அனுபவத்தில் கண்டதில்லை. அவர் மாடிப்படியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். கொல்லைப் பக்கமிருந்து மச்சினன் குரல் கேட்டது.

“மாமா, இங்க வாங்க. தலைவரையும் கூட்டிட்டு வாங்க.”

கொல்லையில், மீட்டர்ப் பெட்டிக்குக் கீழே, கழுவிக் கவிழ்த்த ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. சுவரோரம் ஒரு மாங்கன்று வாடி நின்றது. சுற்றிலும் பாறாங்கற்கள்.

“இந்த இடம் வெறும் மண்ணாத்தான் இருந்துச்சு,” என்றார் மீட்டர் அக்கா. “கர்னல் எப்பவும் இங்கதான் படுத்திருப்பான்.”

“மாமா, முன்னாடி எத்தனை கன்னு பாத்தீங்க? எல்லாத்துக்கும் பலகை, பேரு, போட்டோ. இந்த ஒரு கன்னை மட்டும் தலைவர் கேமரா இல்லாம நட்டிருக்காரு. பலகை இல்ல. தண்ணி ஊத்தல. கன்னு வாழணும்னு நட்ட மாதிரியே தெரியல. மண்ணைக் கிளறக் கூடாதுன்னு கல்லு மட்டும் அடுக்கியிருக்கு.”

“மரம் நடுவது குற்றமா?” என்றார் தலைவர். குரலில் மேடை போய்விட்டிருந்தது.

“இல்லைங்க. இன்னொண்ணு கேக்கறேன். டிரைவரண்ணன் கார் கதவுல இடிச்சுக்கிட்டாரு. சமையல்காரம்மாவைக் கொசு கடிச்சுது. அம்மாவுக்குச் சளி. ஐயாவால இடது கையைத் தூக்க முடியல. நாலு பேருக்கும் ஒரே கை, ஒரே இடம். நாய் நல்லா இருக்கு, யாருக்கும் ஊசி வேண்டாம்னு ஊருக்கே சொல்ற வீட்ல, எதுக்குங்க எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டீங்க?”

பதில் முதலில் புரிந்தது மீட்டர் அக்காவுக்குத்தான். அவர் மீட்டர்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“செத்துப்போச்சா?” என்று கேட்டார்.

தலைவர் தன் மனைவியைப் பார்த்தார். இருபது வருஷமாக அவரை அடக்கி வைத்த அந்தப் பார்வை அன்று வேலை செய்யவில்லை.

“உன்னைக் கடிச்ச மூணாம் நாள்,” என்றார் தலைவரின் மனைவி. “தண்ணி வச்சாக் கிட்டயே வரல. சுவத்தைக் கடிச்சான். நாங்க எல்லாரும் தொட்டிருந்தோம், எச்சில் பட்டிருந்துச்சு. அதான் அன்னைக்கே கம்பவுண்டரை வீட்டுக்கு வரவழைச்சு... இன்னைக்குக் காலையில மூணாவது போட்டாங்க.”

“மூணாவது,” என்றார் மீட்டர் அக்கா.

“பொதுமக்கள் பீதி அடைந்துவிடக் கூடாது என்ற ஒரே நல்லெண்ணத்தில்...” என்று தொடங்கினார் தலைவர்.

“நானும் பொதுமக்கள்தாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்மா,” என்றார் தலைவரின் மனைவி. “நாளைக்கு விழா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னாரு.”

மீட்டர் அக்கா மீட்டர்ப் பக்கம் திரும்பினார். பெட்டியைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ரீடிங்கைப் பார்த்து எழுதினார். எழுதிய எண்களை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பெட்டியை மூடினார்.

“போலாம் தம்பி,” என்றார்.

*

அரசு மருத்துவமனையில் நாய்க்கடிப் பிரிவு என்பது நடைபாதை முனையில் ஒரு பெஞ்சும் ஒரு குளிர்பெட்டியும். நர்ஸ் முதலில் தலையை ஆட்டினார்.

“மருந்து இல்லைங்க. அன்னைக்கே சொன்னேனே. நாய் நல்லாத்தான் இருக்கு.”

“நாய் மாங்கன்னுக்கு அடியில இருக்கு,” என்றான் மச்சினன். “குளிர்பெட்டியில என்ன இருக்கு?”

“அது... விலங்கு நலக் குழுவுக்கு ஒதுக்கினது. நாய்களோட பழகறவங்க, முன்னெச்சரிக்கைன்னு சொல்லி எடுத்து வைக்கச் சொன்னாங்க. மேலிடத்து உத்தரவு.”

“அந்த முன்னெச்சரிக்கை எல்லாம் ஒரே வீட்ல இருக்குங்க. கடிபட்டது இவங்க.”

நர்ஸ் மீட்டர் அக்காவின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் சிறுத்துப் போயிற்று. திருப்பி அனுப்பியது அவர் வாய்தான். குளிர்பெட்டியைத் திறந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்தார்.

“நாளைக்கு வந்து கேட்டாங்கன்னா நான் என்ன சொல்றது?”

“நாய் நல்லா இருக்கு, இனிமே ஊசி வேண்டாம்னு சொல்லுங்க,” என்றான் மச்சினன்.

ஊசி ஏறியது. மீட்டர் அக்கா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“லேட்டாயிடுச்சா நர்சம்மா?”

“காயத்தைச் சுத்திப் போடற மருந்து முதல் நாளே போட்டாச்சு. ரெண்டு ஊசி ஏறியிருக்கு. ரெண்டு நாள்தான் தள்ளிப்போச்சு. மிச்சத்தை விடாம வந்து போட்டுக்கோங்க.” நர்ஸ் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னார். “ஒண்ணும் ஆகாது.” இதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மீட்டர் அக்கா குழாயடிக்குப் போய்க் கையால் தண்ணீர் பிடித்தார். குடிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார்.

நடைபாதையில் நிபுணர், செய்தி கேட்டு ஓடி வந்திருந்த சுகாதார ஆய்வாளரை ஒரு தூணோரம் நிறுத்தி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் முதல் முறையாகப் பைக்கிலிருந்து இறங்கியிருந்தார்.

“கண்ணால பாக்கறது வேற சார், கவனிக்கறது வேற. நீங்க அந்த நாயை தினமும் பாத்தீங்க. நான் ஒரே தடவ கவனிச்சேன். தேயாத கழுத்து. பேருக்குத் திரும்பாத காது. ஹாரனுக்கு அசையாத வால். பலகை இல்லாத மாங்கன்னு. நாலு பிளாஸ்திரி.”

“கன்னும் பிளாஸ்திரியும் நான் கவனிச்சது,” என்றான் மச்சினன்.

“என் பயிற்சியில கவனிச்சது. விஷயம் என்னன்னா சார், அந்த மிருகத்தைத் தலையிலேர்ந்து வால் வரைக்கும் ஒரு அங்குலம் விடாம...”

ஆய்வாளரின் கைபேசி ஒலித்தது. கொட்டடிக் காவலாளி. ஆய்வாளர் கேட்டார். “என்னது?” என்றார். மறுபடி கேட்டார். பிறகு கைபேசியைத் தாழ்த்தி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“கர்னல் நாலு குட்டி போட்டிருக்காம்.”

மச்சினன் மெல்ல நிபுணரின் சட்டைப் பையிலிருந்து பத்திரிகைப் படத்தை உருவிப் பிரித்தான். அதில் தலைவரின் முகமும் நாயின் பின்புறமும் ஒரே அளவு தெளிவாக இருந்தன. அது பெண் நாய் என்பது பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.